தூவித் தலையணையும் டூவேயும்: கொழும்பில் வாங்குபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கடைக்காரர் 'டவுன்' என்று சொல்வதை இங்கே தூவி என்று எழுதுகிறோம். டூவே என்பது அதை அடைத்துத் தைத்த போர்வை. நம் வழக்கப்படி தாரா என்றால் சின்னது, வாத்து என்றால் நீண்ட கழுத்துள்ள பெரியது. இரண்டும் ஒன்றல்ல என்பது கீழே பல இடங்களில் முக்கியமாகும்.

தூவி வேறு, இறகு வேறா?

வேறுதான். இறகுக்கு நடுவில் ஒரு தண்டு உண்டு. தூவிக்குத் தண்டு கிடையாது. ஒரு சிறு புள்ளியிலிருந்து நாலாபக்கமும் இழைகள் விரிந்து, எருக்கம் விதையின் பஞ்சைப்போல மிதக்கும். பறவையின் மார்பிலும் வயிற்றிலும் வெளி இறகுகளுக்கு அடியில் வளர்வது இது. அந்த இழைகளுக்கு நடுவே அடைபடும் காற்றுத்தான் வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது.

தாராவுக்கும் வாத்துக்கும் தூவி உண்டு. கோழியிடமிருந்து இந்த வேலைக்கு உதவும் தூவி கிடைக்காது. 'இறகுத் தலையணை' என்று மலிவாக விற்பவற்றில் கோழி இறகு கலந்திருக்கலாம். நீர்ப்பறவையின் இறகு இயல்பிலேயே வளைந்தது என்பதால் அழுத்தினால் மீண்டெழும். கோழி இறகு நேரானது. சில மாதங்களில் தட்டையாகிவிடும்.

கொழும்பு வெக்கையில் டூவே எதற்கு?

ஏசி இல்லாத அறைக்கு வேண்டாம். மெல்லிய பருத்திப் போர்வை போதும். ஏசியை 22 முதல் 24 பாகையில் விட்டுத் தூங்குபவர்களுக்கு மட்டும், அதிலும் மெல்லியதாக, ஒன்று பயன்படும். இங்கே பலர் பணத்தை இழப்பது தரக்குறைவான தூவியால் அல்ல, தேவைக்கு மிஞ்சிய தூவியால். குளிர்நாட்டுக்காகச் செய்த 10.5 டொக், 13.5 டொக் (டொக் என்பது போர்வை எவ்வளவு சூடு காக்கும் என்பதன் அளவு) டூவேயை வாங்கிவிட்டு, அதைப் போர்த்துவதற்காகவே ஏசியை 18 பாகைக்கு இறக்குகிறார்கள். மின்கட்டணம் தனிக் கதை.

கணக்கு இதுதான். கொழும்பு ஏசி அறைக்குச் சதுர மீற்றருக்கு 60 முதல் 100 கிராம் வரை தூவி போதும். 200 க்கு 200 சென்ரிமீற்றர் டூவே 4 சதுர மீற்றர். 80 கிராம் வீதம் வைத்தால் 320 கிராம். டொக் அளவில் சொன்னால் 4.5 ஐத் தாண்டவேண்டாம். நுவரெலியாவில் வீடு இருந்தால் மட்டும் 150 கிராமுக்கு மேல் யோசியுங்கள்.

தையலும் இதோடு சேர்ந்தது. மேல்துணியையும் கீழ்த்துணியையும் நேராகச் சேர்த்துத் தைத்தால் தையல் கோட்டில் தூவி இருக்காது, அந்த இடத்தில் குளிரும். அதைத் தவிர்க்கத்தான் உள்ளே துணிச்சுவர் வைத்துப் பெட்டி பெட்டியாகத் தைக்கிறார்கள். கொழும்பில் அந்தக் கோடு வழியே கொஞ்சம் சூடு வெளியேறுவது நல்லதே. பெட்டித் தையலுக்குக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை.

'நெறிமுறையுடன் பெற்ற தூவி' என்கிறார்களே, கொடுமை எங்கே நடக்கிறது?

மூன்று இடங்களில். முதலாவது, உயிரோடு பறித்தல். பறவையைப் பிடித்து வைத்துக்கொண்டு மார்புத் தூவியைப் பிடுங்குவார்கள். தோல் கிழியும். வளர்ந்ததும் மீண்டும் பறிப்பார்கள். இரண்டாவது, கொழுத்த ஈரலுக்காகக் குழாய் வைத்து வற்புறுத்தித் தீனி ஊட்டுதல். அந்தப் பண்ணைகளின் தூவியும் சந்தைக்கு வருகிறது. மூன்றாவது, நெரிசலான கொட்டகை, நீரில்லாமை, முரட்டுத்தனமான ஏற்றியிறக்கல்.

உலகத்தில் விற்பனையாகும் தூவியில் பெரும்பகுதி இறைச்சித் தொழிலின் உபபொருள். சீனா முதன்மையான உற்பத்தியாளர். இறைச்சிக்கு வளர்க்கும் தாராவை ஆறேழு வாரத்தில் அறுத்துவிடுவதால், உயிரோடு பறிப்பதற்கு அதில் இலாபமில்லை. ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. முட்டைக்காகப் பல ஆண்டுகள் வைத்திருக்கும் தாய் வாத்துகள்தான் திரும்பத் திரும்பப் பறிக்கப்படக்கூடியவை. எனவே விற்பனையாளரிடம் கேட்கவேண்டிய முதல் கேள்வி, 'தாய்ப் பண்ணையும் தணிக்கையில் அடங்குமா?' என்பதே.

நிரப்புத்திறன் 800 என்று போட்டிருக்கிறது. எண் கூடினால் தரமும் கூடுமா?

ஒரு அவுன்ஸ் தூவி எத்தனை கன அங்குலம் உப்பி நிற்கிறது என்பதே அந்த எண். 550, 600 சாதாரணம். 700 நல்லது. 800 உம் அதற்கு மேலும் மிக உப்பியது. எண் கூடக்கூட அதே வெப்பத்துக்குக் குறைந்த எடை போதும். ஆனால் டூவேயில் மொத்தம் எத்தனை கிராம் இருக்கிறது என்பதை அந்த எண் சொல்லாது. 800 எண்ணில் 700 கிராம் அடைத்த டூவே கொழும்பில் அடுப்புத்தான்.

பெரிய, நன்கு உப்பும் தூவி பெரும்பாலும் முதிர்ந்த வாத்திடம் கிடைக்கும். முதிர்ந்த வாத்து என்றால் பெரும்பாலும் தாய் வாத்து. ஆகவே எண் ஏற ஏற, மேலே சொன்ன தாய்ப் பண்ணைக் கேள்வியையும் அழுத்திக் கேட்கவேண்டும். 600 முதல் 650 வரையான தாராத் தூவி நம் அறைகளுக்குத் தாராளம். மூலத்தைப் பற்றிய கவலையும் அதில் குறைவு.

வெள்ளை, சாம்பல் என்ற நிற வேறுபாடு வெப்பத்தை மாற்றாது. மெல்லிய வெள்ளைத் துணியூடாகச் சாம்பல் தெரியும் என்பதற்காகவே வெள்ளைக்கு விலை அதிகம்.

ஆர்.டி.எஸ்., டி.டி.எஸ்., டவுன்பாஸ்: எதை நம்புவது?

இவை மூன்றும் தூவி எப்படிப் பெறப்பட்டது என்று பார்க்கும் தரநிலைகள், மூன்றிலும் மூன்றாம் தரப்பு தணிக்கை செய்கிறது. மூன்றும் உயிரோடு பறிப்பதையும் வற்புறுத்தித் தீனி ஊட்டுவதையும் தடுக்கின்றன.

ஆர்.டி.எஸ். என்ற பொறுப்பான தூவித் தரநிலை 2014 இல் வந்தது. டெக்ஸ்டைல் எக்ஸ்சேஞ்ச் என்ற அமைப்பு நடத்துகிறது. கடைகளில் அதிகம் காண்பது இதைத்தான். குஞ்சு பொரிப்பிலிருந்து அறுப்பு வரை பார்க்கிறது. தாய்ப் பண்ணையைச் சேர்ப்பது மட்டும் இதில் விருப்பத்துக்கு விடப்பட்ட பகுதி. டி.டி.எஸ். என்ற தடமறியும் தூவித் தரநிலை 2015 இல் வந்தது, படகோனியா என்ற ஆடை நிறுவனத்தோடு சேர்ந்து என்.எஸ்.எஃப். இன்டர்நேஷனல் என்ற தரநிலை அமைப்பு அமைத்தது. தாய்ப் பண்ணையைக் கட்டாயமாக்கியிருப்பதால், வாத்துத் தூவிக்கு இதையே முதலில் தேடச் சொல்வோம். டவுன்பாஸ் ஜெர்மனியிலிருந்து வருவது. மூலத்தோடு, உள்ளே இருப்பது லேபிளில் உள்ளதுதானா என்றும் கடையிலிருந்தே மாதிரி எடுத்துச் சோதிக்கிறது.

தாராத் தூவி என்றால் மூன்றில் எது இருந்தாலும் வாங்கலாம்.

கடைக்காரர் ஒரு சான்றிதழைக் காட்டினார். அதில் எதைப் பார்ப்பது?

புறக்கோட்டையிலும் ஒன்லைனிலும் அதிகம் குழப்புவது இதுதான். சான்றிதழ் இரண்டு வகை. நிறுவனச் சான்றிதழ், 'இந்தத் தொழிற்சாலை சான்றளித்த தூவியைக் கையாளத் தகுதி பெற்றது' என்று மட்டும் சொல்லும். உங்கள் கையிலுள்ள டூவேயைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. அதே தொழிற்சாலை சான்றில்லாத தூவியையும் வாங்கி விற்கலாம். பரிவர்த்தனைச் சான்றிதழ்தான் குறிப்பிட்ட ஒரு சரக்குக்கு உரியது. விற்றவர், வாங்கியவர், எடை, தேதி எல்லாம் அதில் இருக்கும்.

ஹோட்டலுக்கோ கடைக்கோ மொத்தமாக வாங்கினால் பரிவர்த்தனைச் சான்றிதழைக் கேளுங்கள். பணம் கட்டுமுன் எழுத்தில் கேளுங்கள், பிறகு கேட்டால் கிடைக்காது. அதிலுள்ள மொத்த எடையை உங்கள் ஓடரோடு ஒப்பிடுங்கள். தலா 320 கிராமில் 200 டூவே என்றால் 64 கிலோ தூவி வேண்டும். சான்றிதழில் 20 கிலோதான் இருக்கிறதென்றால் மீதி எங்கிருந்து வந்தது?

வீட்டுக்கு ஒன்று வாங்குபவருக்கு அந்தக் காகிதம் கிடைக்காது. தைத்த லேபிளைப் பாருங்கள். சின்னத்தோடு சான்றளித்த அமைப்பின் பெயரும் ஒரு இலக்கமும் இருக்கவேண்டும். அந்த இலக்கத்தையோ நிறுவனப் பெயரையோ தரநிலை அமைப்பின் இணையத்தேடலில் போட்டுப் பாருங்கள். சின்னம் மட்டும் அச்சிட்டு இலக்கம் இல்லையென்றால் அதைச் சான்றாக எடுக்காதீர்கள். நிறுவனச் சான்றிதழின் காலாவதித் தேதியையும் கவனியுங்கள். வழக்கமாக ஓராண்டுதான் செல்லும்.

'கையால் பறித்தது', 'ஹங்கேரி வாத்து', 'சைபீரிய வாத்து' என்றால்?

'கையால் பறித்தது' என்பதை உயர்தரம் என்று நினைக்காதீர்கள். இறந்த பறவையிலிருந்தும் கையால் பறிக்கலாம், உயிருள்ளதிலிருந்தும் பறிக்கலாம். லேபிள் எது என்று சொல்வதில்லை. நாட்டுப் பெயர் நலத்துக்குச் சான்றல்ல. ஹங்கேரியில் மிக நல்ல பண்ணைகளும் உண்டு, ஈரலுக்காகத் தீனி திணிக்கும் பண்ணைகளும் உண்டு. 'சைபீரிய' என்பது பெரும்பாலும் விற்பனைச் சொல்.

எய்டர் தூவி கொடுமையில்லாதது என்கிறார்களே?

உண்மைதான். எய்டர் என்ற காட்டுக் கடல்தாரா தன் மார்புத் தூவியைத் தானே பிடுங்கிக் கூட்டில் விரிக்கிறது. ஐஸ்லாந்தில் அதைக் கூட்டிலிருந்து சேகரிக்கிறார்கள். ஒரு கிலோவுக்குச் சுமார் 60 கூடுகள் வேண்டும். விலையை அதிலிருந்தே ஊகிக்கலாம். நம் காலநிலைக்கு அது தேவையுமில்லை.

நாங்கள் மரக்கறிக்காரர். வாங்கலாமா?

சான்றிதழ் பெற்ற தூவியும் அறுத்த பறவையினுடையதுதான். 'நெறிமுறை' என்ற சொல் அதை மாற்றாது. தூவிக்காக இன்னொரு பறவைப் பண்ணை நடக்கவேண்டாம் என்று நினைப்பவர்களுக்கு மறுசுழற்சித் தூவி உண்டு. பழைய டூவேகளைப் பிரித்துக் கழுவி, சூடேற்றி, தரம்பிரித்தது அது. விலங்குப் பொருளே வேண்டாம் என்றால் இலவம் பஞ்சைப் பற்றிக் கீழே பாருங்கள்.

முஸ்லிம் வீடுகளில் இந்தத் தலையணையில் தொழுகை சம்பந்தமான சிக்கல் உண்டா?

மத்ஹபைப் (மார்க்கச் சட்ட மரபை) பொறுத்தது. இலங்கையில் பெரும்பான்மையோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் பிரபலமான கருத்தில், முறைப்படி அறுக்கப்படாத பறவையின் இறகு நஜீஸ் (அசுத்தம்). ஹனபி மத்ஹபில் அது சுத்தமானது. ஆர்.டி.எஸ். சான்றிதழ் பறவையின் நலத்தைப் பார்க்கிறதே தவிர, ஹலால் அறுப்பைப் பார்ப்பதில்லை. அறுப்பகத்தின் ஹலால் சான்றை விற்பனையாளரிடம் தனியாகக் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடையிலேயே சோதித்துப் பார்க்க வழி உண்டா?

உண்டு. இரு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து அழுத்துங்கள். முள்முள்ளாகக் குத்தினால் இறகுத் தண்டு. 'தூவி 90 வீதம்' என்ற பொருளில் ஒன்றிரண்டுக்கு மேல் தட்டுப்படக்கூடாது. அழுத்தி விட்டதும் மெல்ல எழும்பவேண்டும். பட்டென்று துள்ளினால் பொலியெஸ்டர் என்று சந்தேகியுங்கள். மூக்கை வைத்து மணந்து பாருங்கள். ஈர நாய் நாற்றம் அடித்தால் சரியாகக் கழுவாத தூவி. துணியைத் தட்டும்போது வெள்ளைத் தூசி பறந்தால் தூவி நொறுங்கிவிட்டது என்று பொருள்.

ஏற்கெனவே வாங்கிய பொருளில் சந்தேகம் வந்தால், ஓரத்தில் எட்டிப்பார்க்கும் ஒரே ஒரு துணுக்கை மட்டும் சாமணத்தால் பிடுங்கியெடுத்து, கழுவுதொட்டிக்கு மேல் வைத்து நெருப்புக் காட்டுங்கள். தலைமுடி பொசுங்கும் மணம் வந்து சாம்பலானால் அது இறகோ தூவியோ. உருகிக் கெட்டியான மணியாகினால் பொலியெஸ்டர்.

மொத்தக் கொள்வனவுக்கு ஆய்வக அறிக்கையைக் கேளுங்கள். இரண்டு எண்களைப் பாருங்கள். ஆக்சிஜன் எண் 10 க்குள் இருக்கட்டும். கழுவிய நீரின் தெளிவு 300 மில்லிமீற்றருக்குக் குறையாமல் இருக்கட்டும். இரண்டும் கழுவல் எவ்வளவு சுத்தம் என்பதைக் காட்டுபவை. கொழும்பு ஈரப்பதத்தில் நாற்றம் எடுப்பதும் எடுக்காததும் இவற்றில்தான் தங்கியிருக்கிறது.

தலையணைக்கு எத்தனை கிராம்?

50 க்கு 70 சென்ரிமீற்றர் தலையணைக்கு, முழுத் தூவியென்றால் 500 கிராம் மென்மை, 650 நடுத்தரம், 800 இறுக்கம். இறகென்றால் ஒரு கிலோ அல்லது அதற்கு மேல். முழுத் தூவித் தலையணையில் தலை அமிழ்ந்துவிடும். பக்கவாட்டில் படுப்பவர்களுக்குக் கழுத்து வலிக்கும். அவர்களுக்கு மூன்று அறைத் தலையணை பொருத்தம். நடுவில் இறகு, இருபுறமும் தூவி. தூவி குறைவாகச் செலவாவதால் விலையும் குறைவு.

தும்மல், இழுப்பு உள்ளவர்கள் பாவிக்கலாமா?

பலருக்கு ஒவ்வாமை இறகினால் அல்ல, தூசிப்பூச்சியினால். தூவி வெளியே வராதிருக்க உறைத்துணியை மிக நெருக்கமாக நெய்கிறார்கள். அதே நெருக்கம் பூச்சி உள்ளே போவதையும் தடுக்கிறது. தளர்ந்த துணி போட்ட பொலியெஸ்டர் தலையணையைவிட இது மேலாக இருக்கலாம். ஆனால் இங்கே காற்றில் ஈரம் எப்போதும் அதிகம் என்பதால் பூச்சிக்குக் கொண்டாட்டம். மேலுறையை வாரம் ஒருமுறை 60 பாகை நீரில் கழுவுங்கள். பறவையிடமே ஒவ்வாமை என்று மருத்துவர் உறுதிசெய்தவர்கள் தூவியைத் தொடவேண்டாம்.

துணியூடாகத் தூவி வெளியே வருகிறது. ஏன்?

துணி தளர்வாக இருக்கும், அல்லது தையல் ஊசி தடித்திருக்கும். நூல் எண்ணிக்கை 230 க்குக் குறையாத, சூட்டு உருளையில் அழுத்திய பருத்தித் துணி வேண்டும். எட்டிப்பார்க்கும் இறகை வெளியே இழுக்காதீர்கள். துளை பெரிதாகி அடுத்தது வரும். மறுபக்கத்திலிருந்து விரலால் பிடித்து உள்ளே இழுத்து, அந்த இடத்தைத் தேய்த்துவிடுங்கள். ஊக்குக் குத்தவே கூடாது.

எப்படிக் கழுவுவது?

தூவி கெடுவது அநேகமாகக் கழுவலில்தான், அதிலும் உலர்த்தலில். கழுவுமுன் எடை பாருங்கள், பயணப் பெட்டி நிறுக்கும் தராசு போதும். எடையை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கிழிசல் இருந்தால் முதலில் தையுங்கள்.

முன்பக்கம் திறக்கும் மெஷின் வேண்டும். மேல்பக்கம் திறப்பதில் டூவே காற்றோடு மிதக்கும், நடுத்தண்டு தையலைக் கிழிக்கும். 7 கிலோ மெஷினில் தலையணை இரண்டு போடலாம், டபிள் டூவே வேண்டாம், அதைப் பெரிய இயந்திரமுள்ள சலவைக் கடைக்குக் கொடுங்கள். 40 பாகை நீர். என்சைம் இல்லாத திரவச் சவர்க்காரம், வழக்கமான அளவில் பாதி. தூவி ஒரு புரதம். கறையிலுள்ள புரதத்தை அரிக்கும் என்சைம் தூவியையும் அரிக்கும். துணி மென்மையாக்கி ஊற்றினால் இழைகள் ஒட்டிக்கொண்டு உப்பாது. அலசலை மூன்று தடவையாவது ஓடவிட்டு, பிழிதலை இரண்டு தடவை செய்யுங்கள்.

உலர்த்தியில் இளஞ்சூடு, சுத்தமான டெனிஸ் பந்து மூன்று. அரை மணிக்கொருமுறை வெளியே எடுத்துக் கட்டிகளை விரலால் உதிர்த்துவிடுங்கள். மூன்று முதல் ஐந்து மணி நேரம் எடுக்கும். வெளித்துணி ஒரு மணியில் காய்ந்துவிடும், அதை நம்பி நிறுத்துபவர்களுக்குத்தான் மறுவாரம் பூஞ்சண நாற்றம். மீண்டும் நிறுங்கள். பழைய எடைக்கு மேல் 50 கிராம் கூடினாலும் உள்ளே தண்ணீர் இருக்கிறது.

உலர்த்தி இல்லாமல் வெயிலில் மட்டும் காயவைப்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. மழைக்காலத்தில் முயற்சி செய்யவே வேண்டாம். இதனால்தான் ஆண்டுக்கொருமுறைக்கு மேல் கழுவாமல், உறையை மட்டும் அடிக்கடி மாற்றச் சொல்கிறோம்.

மாதக்கணக்கில் பாவிக்காவிட்டால்?

பருத்திப் பையில் தளர்வாக வையுங்கள். பொலித்தீனில் கட்டினால் ஈரம் அடைபடும். காற்றை உறிஞ்சி நசுக்கும் பையில் நெடுநாள் வைத்தால் உப்பல் குறையும். இரு வாரத்துக்கொருமுறை ஏசி அறையில் விரித்துப் போடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து கொண்டுவரலாமா?

தைத்து முடித்த டூவேயும் தலையணையும் சுங்கத் தீர்வையில் 9404 என்ற தலைப்பில் வரும். அடைக்கத் தயாரான வெறும் தூவி 0505 இல் வரும், அது விலங்குப் பொருள். 1992 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டத்தின் கீழ், கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் இறக்குமதி அனுமதி சரக்கு கப்பலேறுமுன் கையில் இருக்கவேண்டும். பறவைக்காய்ச்சல் காரணமாக வெப்பச் சிகிச்சைச் சான்றும் கேட்பார்கள். தைத்தவற்றையும் வணிக அளவில் இறக்குவதானால் முன்கூட்டியே சுங்கத்தில் விசாரியுங்கள். வரி வீதங்கள் அடிக்கடி மாறுபவை.

இலவம் பஞ்சு மாற்றாகுமா?

தலையணைக்கு நல்ல மாற்று. உள்ளே குழலான, மெழுகு பூசிய இழை. ஈரத்தை எளிதில் இழுக்காது, பறவை எதுவும் சம்பந்தப்படவில்லை, இங்கேயே விளைகிறது. குறைகளும் உண்டு. சில ஆண்டுகளில் கட்டிதட்டும், பிரித்து உதறி வெயிலில் போட்டு மீண்டும் அடைக்கவேண்டும். மெஷினில் போடமுடியாது. சீக்கிரம் தீப்பிடிக்கும். வாங்கும்போது விதை அகற்றியதா என்று கையால் தடவிப் பாருங்கள். டூவேக்கு இது பொருந்தாது, கனத்துவிடும்.

லேபிள் பொய் என்று தெரிந்தால்?

பற்றுச்சீட்டையும் லேபிளின் படத்தையும் வைத்துக்கொண்டு முதலில் கடையில் கேளுங்கள். சரிவராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 இல் முறையிடலாம். ஆர்.டி.எஸ். சின்னத்தைத் திருட்டுத்தனமாகப் பாவித்திருந்தால் டெக்ஸ்டைல் எக்ஸ்சேஞ்சுக்கும் எழுதுங்கள்.

பழைய தூவித் தலையணையை எறிந்துவிடவா?

தூவி நல்ல நிலையில் இருந்தால் எறியவேண்டாம். கையை உள்ளே விட்டு ஒரு பிடி எடுங்கள். உப்பினால் புது உறை தைத்து மாற்றிப் போடலாம், இரண்டு பழைய தலையணையில் ஒன்று தேறும். மாற்றும்போது மின்விசிறியை நிறுத்தி, கதவைச் சாத்தி, முகக்கவசம் போட்டுக்கொண்டு, இரண்டு உறைகளின் வாயையும் சேர்த்துத் தற்காலிகமாகத் தைத்துவிட்டுத் தள்ளுங்கள். பூஞ்சணம் பிடித்த தூவியை மட்டும் காப்பாற்ற முயலாதீர்கள். பொலித்தீனில் இறுகக் கட்டி மாநகரசபை வண்டிக்குக் கொடுத்துவிடுங்கள்.